அந்திக் காப்பியும் முதுமையும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் இரவெல்லாம் விழித்துச் சூளை காத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள், அக்காலத்துப் பழக்கம் விடாமல், விளக்கு வைத்த பின்னும் டம்ளர் நிறையக் காப்பி அருந்துவது நித்திரைக்கு விரோதமாகும். ஏனெனில், இளஞ்சரீரத்திலேயே பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும் கஃபீன், வயோதிகத்தில் உறக்கம் இயல்பாகவே மெலிந்துவிடுவதால், மேலும் உபத்திரவம் செய்யும். கடைசிக் காப்பியைப் பிற்பகல் 2 மணிக்குள் முடித்துக்கொள்வது உசிதம். மாலையில் நாக்குக் கேட்டால், சிக்கரி தூக்கலான டிகாக்‌ஷனைச் சிறு பீங்கான் கோப்பையில் பாதியளவு கலந்துகொள்ளலாம். சிக்கரியில் கஃபீன் கிடையாது. காப்பி ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்! தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் அதைத் தண்ணீரில் விழுங்கி, 1 மணி நேரம் சென்றபின்னரே காப்பியைத் தொடவேண்டும். நெடுநாட் பழக்கத்தைத் திடீரென நிறுத்தினால் தலைவலி வருமாதலால், சிறிது சிறிதாகவே குறைக்கவும்.