பெரிய பிலிமில் நிழற்படம் பிடித்தல்

நிழற்படம் பிடித்தல் எளிய செயல் எனப் பலர் எண்ணுவர். சுருட் பிலிமில் ஒன்று பிழைப்பின் உடனே மற்றொன்று எடுத்துக்கொள்ளலாம். ஆயின், 4 அங்குல அகலமும் 5 அங்குல நீளமும் உள்ள தனித்தாட் பிலிமைக் கையாள்வோர்க்கு அவ்வசதி இல்லை. ஒரு தாளுக்கு ஒரு படமே. ஆதலின் இதனைக் கற்க விழையும் மாணவர்க்கு முறையும் பொறுமையும் இன்றியமையாதன.

இக்காமிராவின் அமைப்பு மிக எளிது. முன்னே லென்ஸ், பின்னே தேய்த்த கண்ணாடி, இரண்டிற்கும் இடையே ஒளி புகாத துருத்தி. காமிராவை முக்காலியின்மீது நிறுத்தி, கருந்துணியால் தலையை மூடிக்கொண்டு நோக்கின், எதிரேயுள்ள காட்சி அக்கண்ணாடியில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றும். அதனை உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டு தெளிவுறுத்திய பின், முதலில் ஷட்டரை மூடுக. பிலிம் வைத்த சட்டத்தைச் செருகுக. அதன் மறைதகட்டை இழுத்து, ஷட்டரை இயக்கி, மீண்டும் தகட்டை இடுக. ஷட்டரை மூடாது தகட்டை இழுப்பின் பிலிம் கெடும். தகட்டை இழுக்க மறப்பின் ஒன்றும் பதியாது.

ஒளி பட்ட பிலிமில் உடனே எதுவும் புலப்படாது. அதன்மேற் பூசிய வெள்ளி உப்புக்களில் உருவம் மறைந்து நிற்கும். எல்லா நிறங்களையும் உணரும் பிலிமாயின் செவ்விளக்கும் ஆகாது. முழு இருளே வேண்டும். ஏறக்குறைய 20 டிகிரி சென்டிகிரேட் வெப்பமுள்ள டெவலப்பரில் அதனை இட்டுத் தட்டை மெல்ல அசைப்பின், ஒளி பட்ட உப்புக்கள் கரிய வெள்ளியாக மாறும். பின்னர் அசெட்டிக் அமிலம் கலந்த நீரில் இட, அம்மாற்றம் நின்றுவிடும். ஹைப்போவில் இட, எஞ்சிய உப்புக்கள் கரைந்தொழியும். நன்கு கழுவி உலர்த்தினால் நெகடிவ் கிடைக்கும்.

இங்கு மனங்கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு. காட்சியின் நிழற்பகுதிகளுக்குப் போதிய ஒளியைப் படம் பிடிக்கும்பொழுதே அளித்தல் வேண்டும். அங்குப் பதியாததை எவ்வளவு நேரம் டெவலப்பரில் வைத்தாலும் பெற இயலாது. ஒளிமிக்க பகுதிகளின் செறிவோ, டெவலப்பரில் வைக்கும் நேரத்திற்கேற்பக் கூடும் அல்லது குறையும்.

இவ்விதியின் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். 1941ஆம் ஆண்டில் அமெரிக்கக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ், நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலா எழுந்திருக்கக் கண்டார். கல்லறைச் சிலுவைகளின்மேற் பட்ட மாலைக்கதிர் மறையுந் தறுவாயில் இருந்தது. 8 அங்குலம் 10 அங்குலப் பிலிம் கொள்ளும் காமிராவை விரைந்து நிறுத்தினார், ஒளிமானியோ அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு அவர் நினைவிலிருந்தமையால், அதுகொண்டு கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படம் எடுக்குமுன் சிலுவைகளின்மேல் இருந்த ஒளி போயிற்று.

கிடைத்த ஒரே நெகடிவில் முன்புறம் மெலிந்திருந்தது. 1948இல் அப்பகுதியை இரசாயன முறையாற் செறிவூட்டினார். எனினும், பதிந்திருந்த சிறிதையே அவரால் வலுப்படுத்த இயன்றது, பதியாததை அன்று.

ஆதலின் கற்போர், ஒவ்வொரு தாளுக்கும் ஒளியளவையும் டெவலப்பரில் வைத்த நேரத்தையும் குறித்து வருவாராக. கருவி கைக்கு எட்டாத வேளையில் உதவுவது முன்னரே கற்று மனத்தில் நிறுத்திய அளவே.