வீட்டு றூட்டரின் நிலைபொருளைக் கட்டளை வரியாற் புதுப்பித்தல்

சமயமும் இலக்கியமும் பேசும் கட்டுரைகளுக்கிடையே, வீட்டு மூலையில் விளக்கு மினுங்க இருக்கும் றூட்டரைப் பற்றி யாம் எழுதப் புகுந்தமை அன்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் 2020 ஆம் ஆண்டிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எம் மாணாக்கர் பலருக்கு வகுப்பறையின் வாயிலாய் நின்றது அச்சிறு பெட்டியே. அத்தகைய பெட்டியொன்றை அடுத்த ஆண்டில் எம் கையாலேயே செயலிழக்கச் செய்தோம். அதனாற் கற்றவற்றையே ஈண்டு கூற முனைகின்றோம்.

கணினியின் உறுப்புக்களை வன்பொருள் என்றும், அதனை இயக்கும் ஆணைத்தொகுதிகளை மென்பொருள் என்றும் வழங்குவர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், கருவியின் பிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டு, மின் நின்றாலும் அழியாது நிலைத்து நிற்பது நிலைபொருள். றூட்டரும் ஒரு சிறு கணினியே. அதன் நிலைபொருளிற் குறை காணப்படின், அக்குறையின் வழியே அயலார் உட்புகுதல் கூடும். 2018 வைகாசியில் வெளிப்பட்ட ‘விபிஎன்பில்டர்’ என்னும் தீநிரல், 54 நாடுகளிற் குறைந்தது ஐந்து இலட்சம் கருவிகளைப் பற்றியிருந்தது; அவற்றுட் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த றூட்டர்களே. புதுப்பித்தல் அவசியமா என வினவுவார்க்கு இஃதொன்றே போதும்.

எல்லா றூட்டர்களிலும் கை வைத்தல் தகாது. இணைய நிறுவனம் தன் உடைமையாகத் தந்த கருவியை அந்நிறுவனமே புதுப்பிக்கும், அதனை விட்டுவிடுக. யாம் கூறுவது சொந்தமாக வாங்கிய றூட்டரில் ‘ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி.’ என்னும் கட்டற்ற நிலைபொருளை ஏற்கெனவே நிறுவியிருப்போருக்கே. லிங்சிஸ் நிறுவனத்தாரின் றூட்டர் ஒன்றின் மூலநிரல் 2003 இல் வெளியிடப்பட்டதன் பயனாக, அடுத்த ஆண்டிலே தோன்றிய முயற்சி அது.

இனி, புதுப்பிக்கும்போது உள்ளே நிகழ்வது யாதென அறிதல் வேண்டும். புதிய நிலைபொருட் கோப்பு முதலிற் றாம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் வைக்கப்படும். பின்னர் பிளாஷ் நினைவகத்திலுள்ள பழையது பகுதி பகுதியாக அழிக்கப்பட, அவ்விடங்களிற் புதியது எழுதப்படும். அச்சிறு பொழுதில் றூட்டர் பழையதுமன்று, புதியதுமன்று. அப்பொழுது மின் நின்றால் அரைகுறையாய் எழுதப்பட்ட ஒன்றே எஞ்சும். இரண்டு பிரதிகளை வைத்து, ஒன்று கெட்டால் மற்றதனால் எழும் கருவிகளும் உள. ஆயினும் நம் வீடுகளிற் காணப்படும் மலிவான கருவிகளுக்கு அவ்வசதி பெரும்பாலும் இல்லை. ஆதலின் எழுதத் தொடங்கிய பின் நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. காவல் முழுவதும் முன்னாயத்தத்திலேயே உள்ளது.

முதற்கண் கருவியை ஐயமற அறிக. ஒரே பெயரில் விற்கப்படும் றூட்டர்களுக்குள்ளே முதலாம் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என வன்பொருள் வேறுபடும். பெட்டியும் நிறமும் ஒன்றாயிருக்க, உள்ளேயிருக்கும் சில்லு முற்றும் வேறாயிருத்தல் உண்டு. பதிப்பெண் அடிப்புறத்து ஒட்டுத்தாளில் இருக்கும். கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக றூட்டரினுள் நுழைந்து, ‘யூபஸ் கோல் சிஸ்டம் போர்ட்’ என்னும் கட்டளையை இட்டால், கருவி தன் பெயரையும் இப்போதுள்ள நிலைபொருளின் பதிப்பையும் தானே கூறும். ஒட்டுத்தாளும் கருவியும் கூறுவன ஒத்திருத்தல் வேண்டும்.

யாம் தவறியது இவ்விடத்தேதான். தமையனார் வீட்டு றூட்டர் மூன்றாம் பதிப்பு. யாம் இறக்கிய கோப்போ இரண்டாம் பதிப்பிற்குரியது. ‘இக்கோப்பு இக்கருவிக்கு உரியதன்று’ எனப் பொருள்படக் கருவியே மறுத்தது. ஆயினும் யாம் அதனை வீண் தடையெனக் கருதி, வலிந்து எழுதச் செய்யும் ‘எப்’ என்னும் விருப்பக்குறியைச் சேர்த்துக் கட்டளையை மீண்டும் இட்டோம். விளக்குகள் ஒரு முறை மின்னி அணைந்தன. மாலை நான்கு மணிக்கு, உயர்தர வகுப்பிற் பயிலும் தமையனாரின் மகள் வாயிலில் வந்து, “சித்தப்பா, இரசாயன வகுப்புத் தொடங்கிவிட்டது” என்றாள். அவளுக்கு விடை கூற எம்மிடம் ஒன்றுமில்லை. அவ்விருப்பக்குறியைப் பின்னர் ஒருபோதும் யாம் தொட்டதில்லை.

உரிய கோப்பை இறக்கியபின் அது பழுதின்றி வந்ததா எனச் சோதித்தல் வேண்டும். ஷா-256 என்னும் கணிப்பு எத்துணைப் பெரிய கோப்பிற்கும் 64 குறிகள் கொண்ட ஒரு கைரேகை போன்ற தொடரைத் தரும். கோப்பில் ஓர் எழுத்து மாறினும் தொடர் வேறாகும். ‘ஷா256சம்’ என்னும் கட்டளையால் வருந் தொடரை வெளியீட்டாளர் தந்த தொடரோடு ஒப்பிடுக. முதல் நான்கு குறிகளை மட்டும் பார்த்து அமைவது பலரின் வழக்கம். முழுவதையும் பார்த்தலே முறை. இன்னொன்றும் உண்டு. கோப்பும் தொடரும் ஓரிடத்திலிருந்தே பெறப்பட்டால், வழியிற் சிதையவில்லை என்பதே உறுதியாகும். அவ்விடத்தையே ஒருவர் கைப்பற்றி இரண்டையும் மாற்றியிருந்தால் இச்சோதனை அறியாது. அதற்கென்றே வெளியீட்டாளர் தொடர்ப் பட்டியலுக்கு மின்னொப்பம் இடுகின்றனர். அதனைச் சரிபார்க்க வல்லோர் சரிபார்ப்பாராக.

கோப்பை றூட்டரின் ‘ரி.எம்.பி.’ என்னும் அடைவுக்குள் எஸ்.சி.பி. கட்டளையால் அனுப்புக. அவ்வடைவு றாம் நினைவகத்தில் உள்ளது. இடம் போதுமா என்பதை முன்னரே பார்த்தல் நன்று. 2022 இல் வெளிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 9.0 முதலாக எஸ்.சி.பி. வேறொரு நெறிமுறையைக் கையாளுவதால், றூட்டர் அதனை அறியாது மறுத்தல் கூடும். ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஓ’வைச் சிறு கோட்டோடு சேர்த்தால் பழைய முறையிற் செல்லும். இது தெரியாமல் யாம் ஒரு நண்பகல் முழுவதையும் வீணாக்கினோம். அனுப்பிய பின் றூட்டரினுள்ளேயும் ஷா-256 கணிப்பை மீண்டும் செய்க. ‘சிஸ்அப்கிரேட்’ கட்டளையைப் பெரிய எழுத்து ‘ரீ’யோடு இட்டால், ஒன்றும் எழுதாமல் கோப்பு இக்கருவிக்கு ஏற்றதா என்பதை மட்டும் கூறும்.

அதே கட்டளையைச் சிறிய எழுத்து ‘பீ’யோடு இட்டால் அமைப்புக்களின் பிரதி ஒரு கோப்பாக உருவாகும். அதனை றூட்டரிலே விட்டுவைத்தல் பயனற்றது, மறுதொடக்கத்தில் அழிந்துபோம். கணினிக்குக் கொண்டுவருக. பின்னாளிற் சேர்த்த பொதிகள் புதுப்பித்தலால் நீங்கிவிடும். அவற்றின் பட்டியலையும் எழுதி வைக்குக. பதிப்பு பெரிதும் மாறும்போது பழைய அமைப்புக்கள் பொருந்தாமலும் போகலாம். 2021 இல் வந்த 21.02 பதிப்பில் வலையமைப்பைக் கையாளும் முறை பல கருவிகளில் மாறியமையால், பழையதை வைத்துக்கொள்ள முயன்றோரைக் கருவியே எச்சரித்தது. அத்தகைய வேளையிற் சிறிய எழுத்து ‘என்’னைச் சேர்த்து, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குதலே நன்று.

மின்சாரத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். 2022 பங்குனி இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். அந்நாளிற் பலர் வாங்கிய, றூட்டருக்கென்றே அமைந்த சிறு மின்கலப் பெட்டி இப்பணிக்கு மிகவும் உதவும். றூட்டரிற் குறித்த வோல்ற்றளவும் பெட்டி தருவதும் ஒன்றாயிருத்தல் வேண்டும். அப்பெட்டி இல்லாதோர், மழையும் இடியும் இல்லாத காலை வேளையைத் தெரிந்துகொள்க.

கணினியைக் கம்பி வழியாகவே இணைக்குக. கோப்பு றாமில் இருப்பதால் வைபை இடையில் அறுந்தாலும் எழுதுதல் நில்லாது. ஆயினும் புதிதாகத் தொடங்கிய கருவியில் வைபை இயல்பாகவே அணைந்திருக்கும், கம்பியின்றி உள்ளே நுழைய வழியிராது.

இவை யாவும் முடிந்தபின் கோப்பின் பெயரோடு ‘சிஸ்அப்கிரேட்’ கட்டளையை இடுவது அரை நிமிட வேலை. உடனே தொடர்பு அறுந்துபோகும், அது பிழையன்று. விளக்குகள் எவ்வாறு மின்னினும் மின் இணைப்பைத் தொடாமல் பத்து நிமிடம் காத்திருக்குக. அமைப்புக்களை நீக்கியிருப்பின், கருவி 192.168.1.1 என்னும் இலக்கத்திற் கடவுச்சொல்லின்றி எழும். பழைய திறவு மாறிவிட்டதென எஸ்.எஸ்.எச். எச்சரிக்கும். நாமே மாற்றினோம் ஆதலின் அஞ்ச வேண்டா. கடவுச்சொல்லை உடனே இடுக.

தமையனார் வீட்டுக் கருவி பிழைத்த வகையையும் சொல்லுதல் கடன். ‘சிஸ்அப்கிரேட்’ நிலைபொருட் பகுதியை மட்டுமே எழுதுவது. கருவியைத் தொடக்கிவைக்கும் சிறு நிரல் வேறு பகுதியில் இருப்பதால் அது கெடவில்லை. மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தியவாறே மின்னைக் கொடுத்தபோது, அந்நிரல் 192.168.0.66 என்னும் இலக்கமுடைய கணினியிடம், ரி.எப்.ரி.பி. முறையால், குறித்த பெயருடைய கோப்பொன்றைக் கேட்டது. உற்பத்தியாளரின் மூல நிலைபொருளை அப்பெயரில் வைத்தோம். இரவு பத்து மணியளவில் விளக்குகள் மீண்டும் எரிந்தன. வகுப்பு அதற்கு நெடுநேரம் முன்னரே முடிந்திருந்தது.

மீட்கும் முறையும் இலக்கமும் கருவிக்குக் கருவி வேறுபடும். அவற்றையும் பதிப்பெண்ணையும் எழுதிய சிறு தாளொன்று இப்போது அந்த றூட்டரின் அடியில் ஒட்டப்பட்டுள்ளது. எழுதியது தமையனாரின் மகள்.