'ஃபெட் அப்': சரியாகச் சொல்வோம்



1606-ஆம் ஆண்டு நம் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி அடிகளார், இவ்வூர் மக்களின் வழக்கறிந்து தமிழைக் கற்றார். தமிழிலேயே நூல்களும் எழுதினார். பிறமொழி பயில்வோர்க்கு அதுவே நல்வழி. நாம் அடிக்கடி கூறும் 'ஃபெட் அப்' என்னும் ஆங்கிலத் தொடரையும் அவ்வாறே வழக்கறிந்து பயில்வோமா?

'ஃபீட்' என்றால் ஊட்டு. 'ஃபெட்' என்றால் ஊட்டப்பட்ட. வயிறு நிரம்பிய பின்னும் ஊட்டினால் சர்க்கரைப் பொங்கலும் திகட்டுமன்றோ? அதுபோலப் பொறுத்துப் பொறுத்துச் சலித்துப்போன நிலையே 'ஃபெட் அப்'. திருமங்கலத்திலிருந்து வரும் பஸ் ஒருநாள் தாமதித்தால் இத்தொடர் பொருந்தாது; நாள்தோறும் தாமதித்தால் பொருந்தும்.

இதில் நேரும் பிழைகள் மூன்று.

முதலாவது, 'ஐ ஃபெட் அப்' என்பது. 'எனக்குச் சலித்துவிட்டது' என்ற தமிழை மனத்தில் வைத்துப் பேசுவதால் 'ஆம்' விடுபடுகிறது. 'ஐ ஃபெட்' என்றால் 'நான் ஊட்டினேன்' என்றாகிவிடும்! 'ஐ ஆம் ஃபெட் அப்' என்பதே சரி.

இரண்டாவது, 'வெயில் மேல் வெறுப்பு' என்பதைப் பின்பற்றி 'ஆன்' சேர்ப்பது. 'ஐ ஆம் ஃபெட் அப் வித் த ஹீட்' என்க. 'ஃபெட் அப் ஆஃப்' என்று ஆங்கிலேயரும் பேச்சில் கூறுவதுண்டு; தேர்வில் 'வித்' என்றே எழுதுக.

மூன்றாவது, 'ஃபெட் அப் டு வெயிட்' என்பது. 'ஃபெட் அப் வித் வெயிட்டிங்' எனல் வேண்டும்.

இது பேச்சுவழக்குத் தொடர் என்பதையும் மறவாதீர். குடிநீர்க் குறையைப் பற்றி மாநகராட்சிக்குக் கடிதம் எழுதுகையில் 'டிஸ்ஸாட்டிஸ்ஃபைட் வித்' என்பதே தகும்.

'ஐ ஆம் ஃபெட் அப் வித் யூ' என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் அது கேட்பவர் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும். நமக்கு ஊட்டி வளர்த்த அன்னையிடம் அதைச் சொல்லலாமா? சலிப்பூட்டும் செயலைச் சுட்டுவோம். ஆளைச் சுட்ட வேண்டாம்.

தோழி ஒருத்தி கண்கலங்கி, 'ஐ ஃபெட் அப்' என்று வந்து நின்றால், விடுபட்ட 'ஆம்' பிறகு ஆகட்டும். 'வித்' என்பதற்குப் பின் வரவேண்டிய சொல் எதுவென்று முதலில் அன்புடன் கேட்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி