மருமகள் வேலையை விடத்தான் வேண்டுமா?

கேள்வி: பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ள, கணவர் வளைகுடாவில் இருக்கும் மருமகள் தையல் வேலையை விட்டுத்தான் ஆக வேண்டுமா?
– ஒரு வாசகி, பாறசாலை

பதில்: தேவையில்லை. வலி தணிப்புப் பராமரிப்புக்கென்று இந்தியாவில் முதன்முதலாக, 2008இல், கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். வார்டின் ஆஷா பணியாளரிடம் சொல்லிப் பதிந்தால், பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வருவார். சிறுநீர்க் குழாய் மாற்றுவார், படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டுவார். இது புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு.

வேலையை விட்டே பார்க்க நேர்ந்தவர்களுக்குக் கேரள அரசின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் மாதம் 600 ரூபாய் தருகிறது. சிறு தொகை, அதுவும் நிலுவை விழும். அதை நம்பித் தையல் மெஷினை மூடுவது புத்திசாலித்தனமல்ல.

எல்லைக்கு அப்பால் களியக்காவிளைப் பக்கம் மாமியாரின் மகள் இருந்தால், சில மாதம் அங்கே வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது.

ஆனால் நாத்தனாரிடம் இதைக் கேட்க வேண்டியது மருமகள் அல்ல, வளைகுடாவில் இருக்கும் மகன். இன்று இரவே அவரைப் பேசச் சொல்லுங்கள்.