நோய் நீங்கிய பின்

மாணவர்களே! உடம்பு எடுத்தார்க்கு நோய் வருதலும், அது மருந்தால் நீங்குதலும் உலகியற்கை. ஆயினும், நோய் நீங்கிய அன்றே நோயுற்றவரின் இடர் யாவும் நீங்கிவிடும் என எண்ணுதல் பொருந்தாது. இளமையிற் புற்றுநோயுற்று மீண்டவர்களின் வாழ்வு இவ்வுண்மையை நன்கு புலப்படுத்தும்.

இரத்தப் புற்றுநோயுற்ற சிறார் பிழைத்தல் அரிது என்றிருந்த காலம் ஒன்றுண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற சுப்பாராவ் என்னும் அறிஞர், தம் குழுவினருடன் புதிய மருந்துகள் சிலவற்றை ஆக்கினார். அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் சிறார்க்கு அளித்து, நோய் சிறிது காலம் தணியக் கண்டு, 1948-இல் உலகுக்கு அறிவித்தார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால், 1954-இல் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தோன்றியது. டாக்டர் சாந்தா அம்மையார் 1955 முதல் 2021-இல் மறையும்வரை அங்கே தொண்டாற்றினார். இன்று, வசதி மிக்க நாடுகளிற் சிறார்க்குப் பெரிதும் வரும் இரத்தப் புற்றுநோயினின்று, நூற்றுக்கு 80 பேருக்கு மேல் பிழைக்கின்றனர்.

மேலூரை அடுத்த சிற்றூரில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி இந்நோயுற்றாள் எனக் கொள்வோம். அன்னையுடன் மதுரை மருத்துவமனைக்கு அவள் பன்முறை செல்வாள். மருத்துவம் இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். அவள் பள்ளிக்கு மீளும்பொழுது உடன் பயின்றோர் மேல்வகுப்பிற்குச் சென்றிருப்பர். அவளோ இளையாரோடு அமர்வாள். உதிர்ந்த கூந்தல் மீண்டும் முளைக்கும். ஆனால், 'இந்நோய் ஒட்டிக்கொள்ளும்' என்று அஞ்சி அருகிருந்தவள் விலகி அமர்ந்தால், அப்புண் எளிதில் ஆறுமோ? புற்றுநோய் தொடுதலாலோ, உடனிருந்து உண்ணுதலாலோ பரவுவதன்று. இதனை அறியாமையே அம்மாணவிக்கு இரண்டாம் நோயாகின்றது.

மீண்டவர்க்கும் கடமையுண்டு. நோயைக் கொன்ற மருந்துகளுட் சில, பல்லாண்டு கழித்தும் நெஞ்சையோ எலும்பையோ நலிவித்தல் கூடும். ஆதலின், பெற்ற மருந்துகளின் குறிப்பைப் பேணிக் காத்தலும், குறித்த காலத்தில் மருத்துவரைக் காண்டலும், புகையிலையை அறவே விலக்கலும் வேண்டும். 'நலமாய்த்தானே இருக்கின்றோம்' என்று வாளா இருத்தல் தகாது.

கோடையில் வையையைக் காண்போர் மணலையே காண்பர். தோண்டுவோர்க்கோ ஊற்றுச் சுரக்கும். மெலிந்த அவ்விளையோரிடத்தும் ஆற்றல் அடங்கியிருக்கின்றது. அதனைச் சுரக்கச் செய்வது இரக்க மொழியன்று. எப்பொழுதும்போற் பழகும் நட்பே. விடுபட்ட பாடத்தை எழுதிக் கொடுத்தலும், விளையாட்டிற்கு அழைத்தலும், களைத்தவிடத்து உடனிருத்தலும் அந்நட்பின் செயல்களாம்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். மருத்துவமனையில் அந்நான்காம் இடம் பெற்றோர்க்கு உரியது. வகுப்பறையில் அவ்விடம் யாருக்கு உரியது? மாணவர்களே, அது உங்களுக்கே உரியது.