இரைச்சல் கேட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் விசைப்படகிலுள்ள வயர்லெஸ் செட்டில் 'உஸ்' என்ற இரைச்சல் நன்றாக வருகிறது, பக்கத்துப் படகுக்காரர் பேசுவதும் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் சென்ற வாரம் ஆழ்கடலில், மற்றப் படகுகளுக்கெல்லாம் கேட்ட அழைப்பு எங்களுக்கு மட்டும் கேட்கவில்லை. பழுது பார்ப்பவரோ, 'இரைச்சல் வருகிறதே, செட் நல்ல செட்' என்கிறார். நம்பலாமா, ஐயா?
– விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

பதில்: நம்ப வேண்டாம். அந்த 'உஸ்' ஓசை பெரும்பாலும் கருவியின் வயிற்றிலேயே பிறப்பது. ஏரியல் கம்பியைக் கழற்றிவிட்டாலும் ஏறக்குறைய அப்படியே கேட்கும். ஆகையால் அது ஸ்பீக்கர் உயிரோடிருப்பதற்குச் சாட்சியேயன்றி, தொலைவிலுள்ள குரல் வந்து சேர்கிறது என்பதற்குச் சாட்சியன்று. பக்கத்துப் படகின் குரலும் அவ்விதமே. ஒட்டி நிற்கும் படகிலிருந்து 25 வாட் சக்தியோடு கிளம்பும் அலை, ஏரியல் அறுந்த செட்டுக்குள்ளும் புகுந்துவிடும்.

முதலில் ஸ்க்வெல்ச் குமிழைப் பாருங்கள். இரைச்சல் சகிக்காமல் அதை முழுக்கத் திருகி வைத்துவிட்டு, அதனால் பலவீனமான குரல்களும் சேர்ந்து அடைபட்டுப் போவதை அறியாமலே கடலுக்குப் போகிறவர்கள் பலர். இரைச்சல் அடங்கும் அந்த விளிம்பிலேயே குமிழ் நிற்க வேண்டும்.

அதன்பின், நண்பர் ஒருவரை இரண்டு மூன்று கடல் மைல் விலகிப் போய், சக்தியை 1 வாட்டுக்குக் குறைத்து, படகுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் சானல்களில் ஒழிந்திருக்கும் ஒன்றில் ஒன்று முதல் பத்து வரை நிதானமாக எண்ணச் சொல்லி, அதே வேளையில் உங்கள் செட்டிலும் குறைவற்றதென்று தெரிந்த வேறொரு படகின் செட்டிலும் கேட்டு ஒப்பிடுவதே மெய்யான பரீட்சை. 16-ஆம் சானலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஆபத்துக்கால அழைப்புக்குரிய 156.8 மெகாஹெர்ட்ஸில் வெள்ளோட்டம் பார்ப்பது, ரயிலில் வேடிக்கைக்காக அபாயச் சங்கிலியை இழுப்பதற்கு ஒப்பானது. இரு படகுகளிலும் ஏரியல் நீர்மட்டத்துக்கு மேல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் எல்லை சுமார் 9 கடல் மைல்தான். அதற்கப்பால் நிலவும் மௌனத்துக்குச் செட்டைக் கடிந்து பயனில்லை.

உங்கள் செட்டில் மட்டும் குரல் மங்கினால், உள்ளே திறக்குமுன் ஏரியல் கேபிளின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஏழு வியாதிகள் அங்கேதான் குடியிருக்கின்றன: நடு ஊசியில் பச்சைக் களிம்பு, அதைச் சுற்றிய செப்புப் பின்னல் கறுத்துப் பொடியாகி விரலில் ஒட்டும். களிம்பைச் சுரண்டினால் மட்டும் போதாது. செம்பு பளபளக்கும் இடம்வரை கேபிளை வெட்டிப் புது முனை வைத்து, ஈரம் புகாதபடி டேப் சுற்றுங்கள்.

இன்னொன்று: அண்மையில் எல்.இ.டி. விளக்கு மாட்டினீர்களா? சிலவகை எல்.இ.டி. விளக்குகள் கப்பல் ரேடியோவின் செவியை அடைப்பதாக 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையே எச்சரித்தது. ஸ்க்வெல்ச்சை விளிம்பில் நிறுத்திவிட்டு, விளக்கை ஏற்றுங்கள். அடங்கிய இரைச்சல் மீண்டும் கிளம்பினால் விளக்கை மாற்றுங்கள், செட்டை விட்டுவிடுங்கள்.