கனகாலச் சோர்வும் பதகளிப்பும்: குளிசையோடு சேர்த்துச் செய்யக்கூடியவை

வடமராட்சியில் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போகிறவர்கள் குறைவு. நெஞ்சு பதகளிக்குது, தலை விறைக்குது, உடம்பெல்லாம் எரியுது, விடியப்புறம் முழிப்பு வந்தால் பிறகு யோசினைதான் என்றுதான் சொல்வார்கள். 1987இன் இராணுவ நடவடிக்கை, 2004இன் சுனாமி, 2009இல் வன்னியில் பறிகொடுத்த உறவுகள் என்று அடுக்கடுக்காக இழந்த ஊர் இது. ஆண்டுக்கணக்காகச் சோர்வோடும் பதகளிப்போடும் வாழ்கிறவர்கள் பருத்தித்துறையில் இருந்துகொண்டே என்னென்ன செய்யலாம், எந்த ஒழுங்கில் செய்யலாம் என்பதை எழுதுகிறேன். கோயில், மூச்சு, மூலிகை எல்லாவற்றுக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் எதுவும் குளிசையை நிறுத்துவதற்கான சாட்டு அல்ல.

முதலில் மந்திகை

இரண்டு கிழமைக்கு மேலாக அநேகமான நாட்களில் மனம் விழுந்து, எதிலும் விருப்பமில்லாமல், நித்திரையும் பசியும் குழம்பியிருந்தால் மந்திகையில் உள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். தைரொயிட் குறைவும் இரத்தச்சோகையும் இதே களைப்பைத் தரும். தைரொயிட் கூடினாலோ நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஆகவே இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்வியுங்கள்.

சோர்வுக்குத் தரும் குளிசை வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பத்தாம் நாள் "ஒன்றும் சரிவரவில்லை" என்று விடுவதும், சுகம் வந்த கையோடு விடுவதும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. நிறுத்த விரும்பினால் வைத்தியரிடம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

மூச்சும் செபமும்

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், சனத்துக்குப் பழக்கமான முறைகளையே சிகிச்சையில் சேர்த்தார். சைவருக்கு ஓங்கார செபம், கிறிஸ்தவருக்கு இயேசுவின் நாமம், முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவரவர் சமயத்திலிருந்தே ஒரு சொல்லை எடுத்து, அதை மெல்லத் திரும்பச் சொல்லப் பழக்கினார். பாட்டி சொன்ன சொல்லாக இருப்பதால், புதிதாக ஒன்றைப் படிக்கும் பாரம் நோயாளிக்கு இல்லை. இந்த வழியில் எனக்கு மிகப் பெரிய மதிப்பு உண்டு.

செய்யும் விதம் இதுதான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழிந்திருக்க வேண்டும். சுவரில் சாய்ந்தோ கதிரையிலோ இருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது அந்தக் கை மேலே எழ வேண்டும். நெஞ்சு மட்டும் எழுந்தால் இன்னும் மெதுவாக இழுங்கள். விடும்போது உங்கள் சொல்லை நீட்டிச் சொல்லுங்கள். இழுக்க எடுத்த நேரத்தைவிட விட எடுக்கும் நேரம் கூட இருக்க வேண்டும், ஏனென்றால் நீண்டு வெளியேறும் மூச்சுதான் இதயத் துடிப்பைத் தணிக்கிறது. மனம் ஓடிப்போனால் கோபப்படாமல் திரும்பவும் சொல்லுக்கு வாருங்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். பதகளிப்பு வந்த பிறகு தொடங்குவதைவிட, வராத நாளிலும் பழகி வைப்பதே பயன் தரும்.

ஒரு எச்சரிக்கை. செல்லடியையோ கடலடியையோ கண்ணால் கண்டவர்கள் சிலருக்குக் கண்ணை மூடியதும் அந்தக் காட்சி வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, இரண்டு பாதத்தையும் நிலத்தில் அழுத்தி, வாசலில் உள்ள ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு செய்யட்டும். அப்படியும் வந்தால் நிறுத்திவிட்டு உளவளத்துணையாளரிடம் சொல்லுங்கள்.

ஒரு கொப்பியும் சிறு வேலைகளும்

விருப்பம் வந்த பிறகு செய்வோம் என்று காத்திருந்தால் சோர்வில் விருப்பம் வராது. செய்யச் செய்யத்தான் அது திரும்பும். இந்தியாவின் கோவாவில் உளமருத்துவர் விக்ரம் பட்டேலின் குழு, மருத்துவம் படிக்காத ஊர் ஆட்களைப் பயிற்றி, இந்த முறையையே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நோயாளிகளுக்குப் பழக்கியது. 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு, கடுஞ்சோர்வு உள்ளவர்களுக்கும் இது பயன்பட்டதைக் காட்டியது.

ஒரு பாடசாலைக் கொப்பியில் நாளைக்குச் செய்ய மூன்று வேலையை மட்டும் எழுதுங்கள்: முற்றம் கூட்டுதல், தலைக்கு முழுகுதல், கனடாவில் இருக்கும் தங்கச்சிக்குக் கோல் எடுத்தல். முடித்ததற்குச் சரி போடுங்கள். இரண்டாம் கிழமையிலிருந்து நடையைச் சேருங்கள். முனை வெளிச்சவீட்டுப் பக்கம் விடிய வெயில் ஏற முன் அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். காலை வெளிச்சம் நித்திரையையும் ஒழுங்குபடுத்தும். தனியே போகாமல் அயலில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்லி வைத்த ஆள் வாசலில் நின்றால் எழும்பத்தான் வேண்டும்.

கோயிலும் சந்நிதியும்

கோயிலை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை இரகுராம் என்ற உளமருத்துவரும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். மருந்தில்லாமல் சராசரியாக ஆறு கிழமை தங்கியதில் நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. விசேட பூசை ஒன்றும் நடக்கவில்லை. குடும்பத்தவர் பக்கத்தில் இருந்தார்கள், நோயாளியும் சிறு வேலைகள் செய்தார், யாரும் வெருட்டவில்லை.

ஐந்தில் ஒரு பங்குதான் என்பதையும் மறக்கக்கூடாது. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதிக்குப் போனால் நேர்த்தியோடு நிற்காமல், அன்னதான மடத்தில் மரக்கறி வெட்டக் கேளுங்கள். ஐம்பது பேருக்குச் சோறு போட்ட கைக்கு அன்றைக்கு வேறு யோசினை குறையும். திருநீறு போடுங்கள், நூல் கட்டுங்கள். அடிப்பது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது என்று யாராவது தொடங்கினால் உடனே ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 2001 ஓகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

மூலிகை

வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு; சோர்வை மாற்றும் மருந்தென்று அதை நம்பி இருக்காதீர்கள். அமுக்கரா பதகளிப்பைத் தணிப்பதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது தைரொயிட்டைக் கூட்டலாம், நித்திரைக் குளிசையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும், அரிதாக ஈரலையும் தாக்கும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கைதடிச் சித்த போதனா வைத்தியசாலை போன்ற அரச இடத்தில், மந்திகைக் கிளினிக் கொப்பியைக் காட்டிவிட்டு எடுங்கள். பெயர் ஒட்டாத போத்தல், பாதரசம் சேர்ந்த செந்தூரம் வேண்டாம். பின்னேரச் சாராயமும் கள்ளும் நித்திரையைத் தருவதுபோல் தந்து, அடுத்த நாள் பதகளிப்பைக் கூட்டிவிடும்.

ஆபத்து

"நான் இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால், சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தோட்டத்துப் பூச்சிநாசினியையும் மிச்சக் குளிசைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி 1926 எந்த நேரமும் எடுக்கலாம். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். இந்த இரண்டு இலக்கங்களையும் இன்றைக்கே கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் எழுதி வையுங்கள்.